டர்போவைக் குறை சொல்லும் முன்

1990 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், ஆட்டத்துக்கு நடுவே ஒரு கார் விளம்பரத்தையும் பார்த்தார்கள். ஒருவன் தான் கண்ட கனவைச் சொல்கிறான். கனவில் அவன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் பறக்கிறான். முதலில் மோட்டார் சைக்கிள் துரத்துகிறது, அடுத்து பந்தயக் கார், கடைசியில் ஜெட் விமானம். பிடித்துவிடப் போகிறார்கள் என்ற நேரத்தில் காரின் இரட்டை டர்போ தன் வேலையைக் காட்டுகிறது. அந்த விளம்பரத்தை இயக்கியவர் ‘ஏலியன்’, ‘பிளேடு ரன்னர்’ படங்களை எடுத்த ரிட்லி ஸ்காட். சாலையில் கண்மண் தெரியாமல் ஓட்டத் தூண்டும் என்று எதிர்ப்பு வரலாம் என்பதால், அந்த ஒரு நாளோடு விளம்பரம் நிறுத்தப்பட்டது.

அந்தக் கார் நிஸான் 300இசட்எக்ஸ். ஜப்பானில் அதற்கு ஃபேர்லேடி இசட் என்று பெயர். இந்தத் தலைமுறை 1989இல் வெளிவந்தது, அமெரிக்காவில் 1996 வரை விற்றது, ஜப்பானில் 2000 வரை தயாரானது. 2,960 சி.சி. வி6 இன்ஜின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ, அதே போல காற்றைக் குளிர்விக்கும் இரண்டு இன்டர்கூலர். கையால் கியர் மாற்றும் அமெரிக்க வண்டியில் 300 குதிரைத்திறன். ஜப்பானில் விற்றதற்கு 280 என்று கணக்கு, ஏனென்றால் அதற்கு மேல் போவதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் வாய்மொழியாக ஒரு வரம்பு வைத்துக்கொண்டிருந்தன. 2004 வரை அது தொடர்ந்தது. 1994இல் இதே பெயரோடு ஓடிய பந்தய வண்டி டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் எல்லாப் பிரிவுகளையும் தாண்டி முதலிடம் பிடித்தது.

இன்று அந்த வண்டிகளில் இளையதற்கே வயது 25ஐத் தாண்டிவிட்டது; மூத்தவை 35ஐக் கடந்தவை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிரிட்டனிலும் அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. வண்டியில் பழைய இழுவை இல்லை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கமிருந்து ‘ஸ்ஸ்’ என்று காற்று சீறும் சத்தம், சைலன்சரில் கரும்புகை. உடனே சந்தேகம் டர்போ மீது விழுகிறது. இந்தக் காரில் டர்போவை மாற்றுவது லேசான காரியமில்லை. இன்ஜின் அறையில் விரல் நுழையவே இடம் தேட வேண்டியிருக்கும். பல மெக்கானிக்குகள் இன்ஜினையே வெளியே இறக்கி வைத்துவிட்டுத்தான் டர்போவில் கை வைப்பார்கள். அத்தனையும் செய்து முடித்த பிறகும் சீறல் நிற்கவில்லை என்றால்? குற்றவாளி பல நேரம் டர்போவே அல்ல. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்தான்.

அந்த ஹோஸ் என்ன சுமக்கிறது என்று தெரிந்தால்தான் அது ஏன் முக்கியம் என்பது புரியும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி என்ற பொறியாளர் 1905இலேயே டர்போவுக்கான அடிப்படையைக் காப்புரிமை செய்துவிட்டார். சைலன்சர் வழியாக வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறிய சக்கரத்தைச் சுழலவிடுவது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை உள்ளே அமுக்கித் தள்ளுவது. காற்று அதிகம் போனால் அதற்கேற்ப எரிபொருளும் அதிகம் போகலாம். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இன்ஜினின் பலம் கிடைக்கும். காரில் இருக்கும் டர்போவின் அச்சு முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் கையால் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பாகம் சுட்ட ஞாபகம் இருக்கும். 300இசட்எக்ஸின் டர்போ, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 9 பவுண்டு அழுத்தம் கொடுக்கிறது. காரின் டயருக்கு நாம் அடிக்கும் 30, 32 பவுண்டோடு பார்த்தால் இது சின்ன எண்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே வரும் காற்றை இந்த அளவுக்கு அமுக்கினால், டர்போவின் சக்கரம் 70 சதவீதத் திறனோடு வேலை செய்வதாக வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்றின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் குறைந்த அளவு ஆக்சிஜன்தான் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, சிலிண்டருக்குள் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி வெடிப்பது. பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடக்கூடிய கோளாறு அது.

டர்போ கார்களின் ஆரம்ப காலத்தில் இதற்கு விசித்திரமான வழியெல்லாம் தேடினார்கள். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் இன்டர்கூலர் கிடையாது. பதிலாகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் பீய்ச்சிக் குளிரவைத்தார்கள். பெட்ரோலோடு கூட அந்தத் திரவத்தையும் மறக்காமல் நிரப்ப வேண்டும். பலர் மறந்தார்கள். தொட்டி காலியானால் அழுத்தத்தைக் குறைத்துவிடும் ஏற்பாடு வண்டியில் இருந்ததால் இன்ஜின் பிழைத்தது, ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் காணாமல் போனது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் காரின் கதை முடிந்தது.

இன்டர்கூலரின் பெருமையைச் சொல்ல போர்ஷேதான் சரியான உதாரணம். 1975இல் வந்த 911 டர்போவில் 3 லிட்டர் இன்ஜின், 260 குதிரைத்திறன், இன்டர்கூலர் இல்லை. 1978 மாடலில் இன்ஜினை 3.3 லிட்டராக்கி, பின்பக்க இறக்கைக்கு அடியில் ஒரு இன்டர்கூலரையும் உட்கார வைத்தார்கள். திறன் 300 ஆனது. இன்டர்கூலர் என்பது பார்வைக்கு ரேடியேட்டர் மாதிரி இருக்கும் அலுமினியப் பெட்டி. உள்ளே அமுக்கப்பட்ட சூடான காற்று போகும். வெளியே வண்டி ஓடும்போது மோதும் காற்று அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். முன்பு சொன்ன 90 டிகிரிக் காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும், அதே கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு காற்று கூடுதலாக அடங்கும்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்டர்கூலர் புதிதல்ல. இன்றைய டர்போ டீசல் கார்கள் பெரும்பாலானவற்றிலும், பஸ், லாரிகளிலும் அது இருக்கிறது. முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனரின் பானெட்டில் மேடாக ஒரு காற்றுவழி இருந்ததே, பலர் அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்தார்கள். அதன் நேர் கீழே இருந்தது இன்டர்கூலர். 300இசட்எக்ஸில் அப்படி மேலே வைக்க இடமில்லை. முன்பம்பரின் இரண்டு மூலைகளிலும், முன்சக்கரங்களுக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக ஒளித்து வைத்தார்கள். டர்போக்கள் இருப்பதோ இன்ஜினின் இரு விலாவிலும், பின்புறமாக. ஆகவே காற்று டர்போவிலிருந்து முன்னால் வந்து, கீழே இறங்கி, இன்டர்கூலருக்குள் நுழைந்து, மறுபடி மேலேறி இன்ஜினின் வாய்க்குப் போக வேண்டும். இந்தப் பயணம் இரண்டு பக்கமும் தனித்தனியாக நடக்கிறது. வழியில் உலோகக் குழாய்கள் உண்டு. அவற்றை இணைக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஹோஸ், ஹோஸின் இரண்டு முனையிலும் கிளாம்ப்.

முழுவதையும் உலோகக் குழாயாகவே செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். செய்ய முடியாது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மீது உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அது புரண்டு ஆடும். இன்டர்கூலரோ வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. ஆடுவதையும் ஆடாததையும் இரும்பால் கட்டினால் ஏதோ ஒன்று விரிசல் விடும். நடுவில் வளைந்து கொடுக்க ஒன்று வேண்டும். அந்த வளைந்து கொடுக்கிற வேலையைச் செய்துகொண்டே, சூட்டையும் அழுத்தத்தையும் எண்ணெய்ப் பசையையும் ஹோஸ் தாங்க வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்றால், 50 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு குழாயில் 9 பவுண்டு அழுத்தம் இருக்கும்போது, ஹோஸை முனையிலிருந்து கழற்றித் தள்ளப் பார்க்கும் விசை ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமம். வேக மோகத்தில் அழுத்தத்தை 15 பவுண்டுக்கு ஏற்றிவிட்டால் அது 20 கிலோ. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அந்த இழுப்பு வருகிறது, போகிறது.

ரப்பர் சாவதற்குப் பல வழிகள். இன்ஜின் அறையின் சூடு அதை நாளடைவில் கட்டியாக்கும். காற்றிலுள்ள ஓசோன் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். குழாய் வளையும் இடத்தில் அவை முதலில் தெரியும். உள்ளிருந்து வருவது எண்ணெய். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியே விடாமல் திரும்பவும் உள்ளிழுக்கும் ஏற்பாடு எல்லாக் கார்களிலும் உண்டு. அந்த ஆவியோடு எண்ணெய்த் துளிகளும் டர்போ வழியாக ஹோஸுக்குள் வருகின்றன. எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி, மெத்தென்று ஆகி, கிளாம்பின் பிடியிலிருந்து நழுவும். வெளியே கட்டி, உள்ளே குழைவு. இரண்டும் ஒரே ஹோஸில் சேர்ந்திருப்பதையும் பார்க்கலாம். கையால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல ஹோஸ் அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய உருவத்துக்கு வரும்.

இனி, ஓட்டை விழுந்தால் வண்டிக்கு என்ன ஆகிறது என்பது. 300இசட்எக்ஸில் ஏர் ஃபில்டரை ஒட்டி, உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அது சொல்லும் கணக்கை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. காற்று அளக்கப்பட்டு, டர்போவால் அமுக்கப்பட்டு, நடுவழியில் ஹோஸின் வெடிப்பு வழியாக வெளியே போய்விட்டால், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. வந்து சேராத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் போகிறது. எரியாத பெட்ரோல் கரும்புகையாக வெளியேறும்; பிளக்கில் கரி படியும்; மைலேஜ் அடிவாங்கும். இன்னொரு பக்கம், காணாமல் போன அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ முன்பைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. பல நாள் அப்படி ஓட்டினால், நன்றாக இருந்த டர்போவும் உண்மையிலேயே கெடும். ஹோஸைக் கவனிக்காமல் விடுவதன் முழு விலை அதுதான்.

ஹோஸ் முழுதாகக் கழன்றுவிட்டால் அறிகுறி வேறு மாதிரி. ‘டப்’ என்று ஒரு சத்தம், அதோடு இன்ஜின் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்தாலும் திணறும். இப்போது இன்ஜின் சென்சாரைத் தாண்டி, திறந்து கிடக்கும் முனை வழியாகவே காற்றை இழுக்கிறது. அளக்காத காற்றுக்குப் பெட்ரோல் வராது. டீசல் வண்டியில் இப்படி நிற்பது அபூர்வம். காற்று போதாமல் கரும்புகையைக் கக்கிக்கொண்டு, மேட்டில் ஏற மறுத்து, எப்படியோ ஊர் வந்து சேரும். ‘பிக்கப் இல்லை, புகை தள்ளுது’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் டர்போ டீசல் வண்டியில் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கை வைத்துத் தடவிப் பார்ப்பது இன்டர்கூலர் ஹோஸைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் கண்டுபிடிக்கும் முறை, பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடுவதற்கு ஒப்பானது. காரைத் தொட்டியில் அமுக்க முடியாது என்பதால் சோப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அது மாட்டியிருந்த குழாயின் வாயை ஒரு மூடியால் அடைக்க வேண்டும். மூடியில் டயர் வால்வு ஒன்று பொருத்தியிருக்கும். அதன் வழியாகக் கம்ப்ரசர் காற்றை மெல்ல ஏற்றுவார்கள். இன்ஜின் ஓடக்கூடாது. வண்டி வழக்கமாகத் தாங்கும் அழுத்தத்துக்கு மேல் ஏற்றவும் கூடாது, ஏனென்றால் மூடி துப்பாக்கிக் குண்டு போலத் தெறிக்கக்கூடும். முகத்தை அதன் நேரே வைக்காமல், கண்ணாடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். இன்ஜின் அடிப்பகுதிக்குப் போகும் சின்ன ஆவிக் குழாய்களை முதலில் அடைத்துவிடுவது அவசியம். மறந்தால் அழுத்தம் அங்கே போய் ஆயில் சீல்களைப் பதம் பார்க்கும்.

பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர். குமிழி பொங்கும் இடம் ஓட்டை. 300இசட்எக்ஸில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பைபாஸ் வால்வுகளின் சிறு குழாய்களையும் விடாமல் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடும்போது தேங்கும் அழுத்தத்தைத் திருப்பி விடுகிற வால்வுகள் அவை. வயதான வண்டியில் அவற்றின் ரப்பரும் ஹோஸோடு சேர்ந்தே போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆயில் ஊற்றும் மூடியருகே லேசான காற்றுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு காற்று கசிவது எந்த இன்ஜினிலும் நடப்பதே.

ஓட்டை உறுதியானால் மாற்றும் வேலை. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். 300இசட்எக்ஸில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களைக் கழற்றி, சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் அடித்தட்டையும் எடுத்தால் இன்டர்கூலர் முகம் காட்டும். சிலர் முன்பம்பரையே இறக்கிவிடுகிறார்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும், பரிந்துரைக்கத்தக்க வழி. 30 வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும் என்பதால், மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பவர்கள் புத்திசாலிகள். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது, எந்த ஹோஸ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வது — இந்த இரண்டும் செய்தால் திரும்ப மாட்டும்போது பாதி நேரம் மிச்சமாகும்.

பழைய ஹோஸ் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பத்தான் கை போகும். நெம்பினால் அலுமினியக் குழாயின் முனையில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் புது ஹோஸிலும் காற்று கசியும். எப்படியும் தூக்கி எறியப் போகிற ரப்பர்தானே, நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடலாம், பிளேடு உலோகத்தில் படாதவரை. கழற்றிய நொடியே திறந்த வாய் ஒவ்வொன்றையும் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும், அதுவும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில். உள்ளே விழுந்த ஒரு சின்ன நட்டு இன்டர்கூலரில் சிக்கினால் காற்றுவழி அடைபடும். இன்ஜின் வரை போனால் வால்வையும் பிஸ்டனையும் பதம் பார்க்கும். டர்போவின் காற்றிழுக்கும் பக்கத்தில் விழுந்தால் லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் இதழ்கள் உடைந்து போகும். துணியை உள்ளேயே மறந்து மாட்டிவிட்டாலும் முடிவு நல்லதாக இராது. நிறத் துணி அதற்காகத்தான்.

இந்த இடைவேளையில் இன்டர்கூலரையும் பார்த்துவிட வேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் கொஞ்சம் எண்ணெய்ப் பசை வருவது சகஜம். கிண்ணம் கணக்கில் ஊற்றினால் டர்போவின் சீல் பற்றியோ ஆவிக் குழாய் பற்றியோ தனியாக யோசிக்க வேண்டிய நேரம் அது. உள்ளே உலோகத் துகள் பளபளத்தால் வேலையை அங்கேயே நிறுத்தி டர்போவைச் சோதிப்பதே சரி. இப்படி ஓர் அடையாளம் கிடைத்தால் டர்போ மீதான சந்தேகம் நியாயமானது.

புது ஹோஸ் எது? ஸ்போர்ட்ஸ் கார் வட்டாரங்களில் இன்று சிலிகானுக்குத்தான் மவுசு. நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடையில் அடுக்கியிருப்பார்கள். பாலியெஸ்டர் அல்லது அராமிட் துணியை மூன்று, நான்கு அடுக்காகச் சிலிகானுக்குள் வைத்துச் செய்தவை. 170, 180 டிகிரி வரை சூடு தாங்கும். ரப்பரைப் போல வெடிக்காது. ஆனால் கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று உண்டு: சாதாரண சிலிகானுக்கு எண்ணெய் ஆகாது. டர்போவிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை நாளடைவில் அதை ஊறவைத்துத் துணி அடுக்கைப் பிரிக்கும். டர்போ வாயருகே மாட்டுவதற்கு உள்பூச்சாக ஃப்ளோரோசிலிகான் கொடுத்த ஹோஸையே கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி அளவு அழுத்தத்திலேயே ஓட்டுபவருக்கு, தயாரிப்பாளரின் அசல் ரப்பர் ஹோஸ் புதிதாகக் கிடைத்தால் அதுவே போதும். அதுவும் 20 வருடம் உழைத்த பொருள்தான். பழைய வண்டிகளுக்கு அசல் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது என்பது வேறு கவலை. நிஸான் 2017 டிசம்பரில் நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில், அதே காலத்தைச் சேர்ந்த ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கு, தயாரிப்பு நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரித்து விற்கத் தொடங்கியது. முதல் பட்டியலிலேயே ஹோஸ்கள் இருந்தன. பழைய காரைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு ரப்பர் எவ்வளவு அவசரமான தேவை என்பதை ஒரு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்டது அது.

ஹோஸுக்குச் செலவு செய்துவிட்டு கிளாம்பில் சிக்கனம் பிடிப்பது பரவலான பழக்கம். ஸ்க்ரூவைத் திருகினால் பட்டை இறுகும் சாதாரண கிளிப்பை, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியான லம்லி ராபின்சன் 1921இல் காப்புரிமை செய்தார். ஜூபிலி கிளிப் என்று அது உலகம் முழுக்கப் பரவியது. தண்ணீர்க் குழாய்க்கு அருமையான பொருள். ஆனால் மலிவு கிளிப்புகளின் பட்டையில் வெட்டுக் கண்கள் துளையாகவே இருக்கும். மென்மையான சிலிகான் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கி அறுபடும். டர்போ அழுத்தத்துக்கு டி-போல்ட் கிளாம்ப் நல்லது: அகலமான, வழவழப்பான பட்டை, சுற்றிலும் ஒரே சீரான பிடி. உலோகக் குழாயின் முனையில் ஓர் எழும்பிய வரம்பு இருக்கும். கிளாம்ப் அந்த வரம்புக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே போட்டால் சாய்ந்து நழுவும். ஹோஸின் விளிம்பில் போட்டாலும் அதே கதி. இறுக்கத்துக்கும் அளவு உண்டு. முழு பலத்தையும் காட்டினால் பட்டை சிலிகானை வெட்டிவிடும் அல்லது மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும்.

மாட்டும் முன் குழாய் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காயவிட வேண்டும். உள்ளே ஏறவில்லை என்று ஆயிலோ கிரீஸோ தடவுவது தற்கொலைக்குச் சமம். எளிதாக ஏறியது அதைவிட எளிதாகக் கழன்று வரும். வெளிநாட்டு ஆர்வலர்கள் பலர் கையாளும் தந்திரம் ஒன்று உண்டு. தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை முனையில் அடித்து, ஈரமாக இருக்கும்போதே ஹோஸை ஏற்றுவார்கள். ஈரத்தில் வழுக்கிக்கொண்டு ஏறும். காய்ந்ததும் பசையாகப் பிடித்துக்கொள்ளும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ரேடியேட்டர் ஃபேன், பெல்ட், கூரான தகடு எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே கிளாம்பை இறுக்க வேண்டும். உரசும் ஹோஸ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் சில மாதங்களில் ஓட்டையாகும்.

பம்பரைத் திரும்ப மாட்டும் அவசரத்தை இங்கே அடக்கிக்கொள்வது நல்லது. முதலில் அதே சோப்புத் தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். குமிழி இல்லை என்று தெரிந்த பிறகே தடுப்பு, பம்பர், சக்கரம் எல்லாம். மூடிய பிறகு மறுபடி ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டால் அத்தனையையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும். இந்தக் காரில் அது ஒரு முழு நாள். சிலிகான் சூடேறி ஆறும்போது கிளாம்புக்கு அடியில் சற்று அமுங்கும். அதனால் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் ஆறிய நிலையில், எல்லாக் கிளாம்புகளையும் ஒருமுறை தொட்டு இறுக்க வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலில் டர்போ டீசலோ டர்போ பெட்ரோலோ வைத்திருப்பவருக்கு இத்தனை கழற்றும் வேலை பெரும்பாலும் இராது. பல வண்டிகளில் ஒரே இன்டர்கூலர், இரண்டு பெரிய ஹோஸ், பானெட்டைத் திறந்தால் ஒன்றாவது கண்ணில் படும். சர்வீசுக்கு விடும்போது ‘இன்டர்கூலர் ஹோஸையும் கிளாம்பையும் பார்த்துவிடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லலாம். இழுவை குறைந்திருக்கிறது, டர்போ போய்விட்டது என்று யாராவது பெரிய தொகையைச் சொன்னால், காற்றழுத்தச் சோதனை செய்தீர்களா, எந்த இடத்தில் குமிழி வந்தது என்று கேட்கலாம். செய்யவில்லை என்று பதில் வந்தால், அதைச் செய்து காட்டும்வரை டர்போவைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.